சத்தமில்லாமல் தேயும் சஸ்பென்ஷன்: காரின் பழுதைக் கண்டறிவது எப்படி?

[காட்சி: வேகத்தடை மீது மெல்ல ஏறி இறங்கும் சிறிய கார். முன்சக்கரம் அருகில் தெரிகிறது.]

வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் நம்மில் பலருக்கும், சக்கரங்களை வண்டியோடு இணைத்துச் சாலையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன் நினைவுக்கு வருகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பட்டறைக்குச் செல்வது நல்ல பழக்கம். ஆனால் சஸ்பென்ஷனின் முதன்மையான பாகமான ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் சத்தமே எழுப்பாமல் தேய்ந்துபோகிறது என்பதையும், தினமும் அதே காரை ஓட்டுபவர் தம்மையறியாமல் அந்தத் தேய்மானத்துக்குப் பழகிவிடுகிறார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

[காட்சி: ஸ்ட்ரட்டின் உட்புறத் தோற்றம். பிஸ்டன் நகர, எண்ணெய் துளைகளின் வழியே பாய்கிறது.]

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்பெர்சன் 1940களின் பிற்பகுதியில் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். இதில் உள்ள காயில் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கி, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் உடனே அடங்கிவிடுவதில்லை, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. எண்ணெய் கசிந்தோ வால்வு தேய்ந்தோ போனால் ஆட்டம் அடங்காது. டயர் சாலையைவிட்டுத் துள்ளத் தொடங்கும். டயர் சாலையில் பதியாவிட்டால் எவ்வளவு நல்ல பிரேக்காலும் வண்டியை நிறுத்த முடியாது என்பதால், இதை வெறும் சொகுசுக் குறைவு என்று ஒதுக்கக் கூடாது.

[காட்சி: டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவும் கை.]

பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கம் முன்பைவிட ஆழமாக அமிழ்கிறதா, மேம்பாலத்தின் இணைப்புகளைக் கடந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி எழும்பி அடங்குகிறதா, வளைவில் ஒரு பக்கமாகக் கூடுதலாகச் சாய்கிறதா என்று கவனியுங்கள். அதன்பின் நிறுத்திய வண்டியின் டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சுற்றளவில் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், டயர் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்ட்டையோ, சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையோ சந்தேகிக்கலாம்.

பானட்டின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையைப் பலரும் நம்புகிறார்கள். வண்டி பலமுறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்பது உறுதி. உடனே அடங்கிவிட்டால் மட்டும் அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதி தேய்ந்தது இந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடும். ஷாக் அப்சார்பரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தென்படுவது இயல்பு. எண்ணெய் வழிந்து உடல் முழுவதும் நனைந்து புழுதி அப்பியிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

[காட்சி: ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. பிறகு, இரு சக்கரங்களும் ஒன்றாக வேகத்தடை ஏறுகின்றன.]

இனி சத்தத்துக்கு வருவோம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ‘கடகட’ என்று கேட்டு, இரு சக்கரங்களும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போது கேட்கவில்லை என்றால், முதலில், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடைப் பாருங்கள். இரு சக்கரங்களும் ஒன்றாக எழும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாததால் அதன் மூட்டுகளுக்கு வேலை வருவதில்லை. ஒன்று மட்டும் இறங்கினால் அவை முழு அடியையும் வாங்குகின்றன. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னால், விலை குறைந்த லிங்க் ராடு மட்டும் தேய்ந்திருக்கும்போது ஸ்ட்ரட் முழுவதையும் மாற்றும் செலவு உங்களுக்கு மிச்சமாகும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால், ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ள மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

[காட்சி: ஸ்டாண்டின் மேல் நிற்கும் கார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கும் மெக்கானிக்.]

தள்ளிப்போடவே கூடாத பழுது ஒன்று உண்டு. அது, லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட். அது கழன்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேல்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லாமல், இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஷாக் அப்சார்பரை மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டையோ லோயர் ஆர்மையோ கழற்றி மாட்டியிருந்தால், அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புதிய டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.