பழுது மெசினிலா, குளிரிலா?

வணக்கம் நேயர்களே. வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். நித்திரையைப் பற்றியும், நித்திரையில் மூச்சுக்கு உதவுகிற ஒரு மெசினைப் பற்றியும் பேசத் தோதான நேரம்தான்.

குறட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் சிலருடைய குறட்டை ஓங்கிப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மூச்சுச் சத்தமே இருக்காது. பிறகு ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். படுத்திருப்பவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். நித்திரையில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது, உடனே மூளை பதறிப்போய் ஆளை உலுக்குகிறது. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் போனால் வைத்தியர்கள் கணக்கில் எடுப்பார்கள். 30ஐத் தாண்டினால் கடுமை என்பார்கள். இரவு முழுக்கப் படுத்துக் கிடந்தும் காலையில் தலைப் பாரம், பகலில் தூக்கம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரைக்கும் வளைவு வளைவாக லொறி ஓட்டுகிற ஒருவருக்கு இந்தத் தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்குக் கொடுப்பதுதான் சீபாப் மெசின். நம் ஆட்கள் காத்து மெசின் என்பார்கள். சிலர் ஒட்சிசன் மெசின் என்றும் நினைக்கிறார்கள். அது ஒட்சிசன் தருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, கொஞ்சம் அழுத்திக் குழாய் வழியாக முகமூடிக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அழுத்தத்தை நீர் சென்றிமீற்றரில் சொல்வார்கள். சாதாரணமாக 4க்கும் 20க்கும் இடையில் இருக்கும். ஒரு ஸ்ட்ரோவைத் தண்ணீருக்குள் 10 சென்றிமீற்றர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வருவதற்கு எவ்வளவு ஊதவேண்டியிருக்கிறதோ, அதுதான் 10. 1980இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற வைத்தியர், தூசி உறிஞ்சும் மெசினின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் இதை ஆரம்பித்தாராம். அந்தக் காலத்தில் முகமூடியை ஒவ்வொரு இரவும் பசை வைத்து மூக்கில் ஒட்டுவார்கள். இன்றைக்குப் பட்டி இறுக்குகிறது என்று முறைப்பாடு சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நான் மருத்துவ உபகரணங்கள் திருத்துகிறவன். பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கந்தான் என் நடமாட்டம். இந்த மெசின்கள் விஷயத்தில் நான் பல வருஷமாகச் சொல்லிவருவது ஒன்றுதான். மலைநாட்டில் பழுது என்று சொல்லி அலுமாரிக்குள் போகிற மெசின்களில் முக்கால்வாசிக்குப் பழுதே இல்லை. அறைதான் குளிர். கொழும்பில் ஒழுங்காக ஓடிய மெசின் இங்கே வந்ததும் கொளகொள என்று சத்தம் போடும், முகத்தில் தண்ணீர் தெளிக்கும், காற்று விட்டுவிட்டு வரும். வீட்டார் நாலு நாள் பார்த்துவிட்டு எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டம். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவருக்கு அவருடைய மகன் கொழும்பிலிருந்து புது மெசின் வாங்கி அனுப்பியிருந்தார். வந்தது ஜனவரி மாதம். அங்கே ஜனவரி எப்படியென்று தெரியும்தானே, விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெள்ளை பூத்துக் கிடக்கும். பத்து நாள் போகவில்லை, மெசின் கெட்டுப்போச்சு என்று செய்தி. மகன் போனில் கடைக்காரரைக் கேட்க, அவர் மெசினைப் பார்க்காமலேயே, "போர்ட் போயிருக்கும்" என்றாராம். போர்ட் என்றால் உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை. அதை மாற்றுகிற விலையைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டு அம்மாவுக்கு அந்த மெசினைக் கண்டாலே ஆகாது. "தம்பி, பன்னெண்டு மணிக்குப் பொறகு அதுக்குப் பேய் பிடிக்குது. குசினியில சட்டி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இவரு மூஞ்சியில துப்புது" என்றார். ஐயாவும், "ஆமா தம்பி, நெசமாவே துப்புது. மூக்குக்குள்ளயே போகுது" என்றார்.

மெசினைக் காட்டச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தார்கள். அலுமாரிக்கு மேலே இருந்தது. பேரப்பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று அங்கே ஏற்றியிருக்கிறார்கள். குழாய் அங்கிருந்து ஜன்னலை ஒட்டி இறங்கிக் கட்டிலுக்கு வருகிறது. அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, பத்திரிகைத் தாளை மடித்து அடைத்திருந்தார்கள். மூக்கு காய்கிறது என்று ஐயா, மெசின் காற்றில் ஏற்றுகிற ஈரப்பதனை உச்சத்துக்கு வைத்திருந்தார். ஐயாவைப் படுக்கச் சொல்லி மெசினைப் போட்டோம். போர்ட்டுக்கு ஒன்றும் இல்லை, காற்று நன்றாக வந்தது. நான் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மெசினுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பு. ஜன்னலுக்கு நேரே வந்ததும் சில்லென்று இருந்தது. உள்ளே விளக்கைப் பிடித்தால் வளையத்துக்கு வளையம் சின்னச் சின்னத் துளிகள். அரைமணி நேரத்தில் குழாய் தொங்குகிற இடத்தில் அவையெல்லாம் சேர்ந்துவிட்டன, கொளகொள என்று ஆரம்பித்தது. குழாயைக் கழற்றித் தம்ளரில் சாய்த்துக் காட்டினேன். இரண்டு கரண்டித் தண்ணீர் வந்தது. அம்மா தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். "வெறும் தண்ணிதான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

காரணம் இதுதான். மெசினின் தண்ணீர்த் தொட்டி காற்றைச் சூடாக்கி ஈரத்தையும் ஏற்றி அனுப்புகிறது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? ஆட்கள் நிறைந்த காலை பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் பூக்கிறதே, அதைப்போலக் குழாயின் உள்பக்கத்தில் பூக்கும். மெசின் தலைக்கு மேலே இருந்தால் அந்தத் தண்ணீர் நேரே மூக்குக்குத்தான் இறங்கும். வேறு வழியில்லை அதற்கு.

சரி, என்ன செய்தோம்? மெசினை இறக்கி, கட்டிலைவிடத் தாழ்வான ஒரு முக்காலியில் வைத்தோம். தாழ்வாக, இதைத் திரும்பவும் சொல்கிறேன், படுக்கை மட்டத்துக்குக் கீழே. அப்போது தண்ணீர் சேர்ந்தாலும் தொட்டிக்கே திரும்பி ஓடிவிடும். ஈரப்பதனை இரண்டு படி குறைத்தோம். குழாயை ஜன்னல் பக்கமிருந்து எடுத்துக் கம்பளிக்கு உள்ளாலே கொண்டுவந்தோம். அதோடு குழாய்க்கு ஓர் உறை. கடையில் விற்கிறார்கள், ஆனால் அம்மா பழைய சுவெட்டர்களின் கைகள் மூன்றை வெட்டி நீளவாட்டில் தைத்துவிட்டார். ஆறடிக் குழாய்க்கு அது அளவாக இருந்தது. அதில் ஒரு சுவெட்டர் பழையதே இல்லை என்று ஐயா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வசதி உள்ளவர்களுக்குச் சூடாக்கும் கம்பி ஓடுகிற குழாயே கிடைக்கிறது, உங்கள் மெசினுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. குழாயைப் போர்த்தலாம், மெசினைப் போர்த்தக் கூடாது. அது காற்றை இழுக்கிற வாயை அடைத்தால் சூடேறிவிடும். முகமூடியில் இருக்கிற சின்னத் துவாரங்களும் அப்படித்தான். நீங்கள் விடுகிற மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே போகிறது, கம்பளியை இழுத்து அதை மூடிவிடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்குக்கு மெசினைத் தூக்கிப் போகும்போது தொட்டியை வெறுமையாக்கிவிட்டுத் தூக்குங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துச் சாய்த்து, தண்ணீர் மோட்டாருக்குள் போனால் அது நிஜப் பழுது. அப்போது கடைக்காரர் சொன்ன போர்ட் கதை உண்மையாகிவிடும்.

தொட்டிக்கு என்ன தண்ணீர்? பாமசியில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர்தான் நல்லது. பீலித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொட்டிக்கு வேண்டாம், கிருமிக்குப் பயந்துதான் சொல்கிறேன். அதைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, அடியில் வெள்ளையாகப் படியும். ஓரிரு நாள் வேறு வழியில்லை என்றால் கொதித்து ஆறிய தண்ணீர் விடலாம். மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவிட வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதத்துக்குப் பிறகு மழை பிடித்தால் துணியே நாலு நாள் காயாது, குழாய் மட்டும் காய்ந்துவிடுமா? கழுவியதும் நன்றாக உதறித் தொங்கவிடுங்கள். பிறகு முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும்.

இன்னொன்று, நுவரெலியாக்காரர்களுக்கு. யூக்கலிப்டஸ் தைலத்தைத் தொட்டியில் இரண்டு சொட்டு விடுகிற பழக்கம். சளிக்கு நல்லதாம். ஆவி பிடிக்கிற சட்டியில் விடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டியில் வேண்டாம். இரவு முழுக்க அதையே நுரையீரலுக்குள் அடிக்கிறீர்கள், பிளாஸ்டிக்கும் கெடும்.

அடுத்தது முகமூடிக் கசிவு. கண்ணுக்குள் காற்று அடிக்கிறது, புர்ர் என்று சத்தம். உடனே பட்டியை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க அந்த ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். பட்டியைத் தளர்த்திவிட்டு, படுத்துக்கொண்டு, மெசின் ஓடும்போதே முகமூடியை முகத்திலிருந்து சற்றுத் தூக்கி மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். படுத்துக்கொண்டு செய்யவேண்டும், உட்கார்ந்தால் முகச்சதை வேறு மாதிரி நிற்கும். படுக்கப் போகுமுன் மூக்கில் தைலம் பூசினால் வழுக்கும். விளிம்பைத் தினமும் மெல்லிய சவர்க்காரத்தால் கழுவுங்கள். காலையில் வாய் மட்டும் காய்ந்து கிடந்தால் காற்று வாய் வழியாகப் போகிறது என்று அர்த்தம். அதற்கு வேறு வகை முகமூடி தேவைப்படலாம், கிளினிக்கில் சொல்லுங்கள்.

உயரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெசின் அதைச் சரிக்கட்ட வேகமாகச் சுழலவேண்டும். இப்போதைய மெசின்கள் தாமே சரிசெய்துகொள்ளும். பழைய வகைகள் சிலவற்றில் உயரத்தைக் கையால் குறித்து வைக்கவேண்டும். கொழும்பில் குறித்ததை அப்படியே நானுஓயாவில் ஓட்டினால் போதிய அழுத்தம் வராது. கையேட்டைப் பாருங்கள். ஆனால் வைத்தியர் எழுதித்தந்த அழுத்தத்தை நீங்களாக மாற்றவேண்டாம்.

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது பலர் மெசினை மறந்தேவிட்டார்கள். நித்திரையில் மின் போனால் மூச்சு அடைத்துவிடாது. முழுமுக முகமூடியில் வெளிக்காற்று வர ஒரு வால்வு தானாகத் திறக்கும், மூக்கு முகமூடி என்றால் வாய் இருக்கிறது. விழிப்பு வந்ததும் கழற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓட்டுவதென்றால் ஈரப்பதனை நிறுத்துங்கள், மின்னைத் தின்பது அந்தச் சூடாக்கிதான். ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னல் காலத்தில் பகலில் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்...

நேரமாகிவிட்டது என்று கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மெசினின் காற்று வடிகட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். விறகடுப்பு, நுளம்புச்சுருள், சாம்பிராணி உள்ள வீடுகளில் அது சீக்கிரம் கறுத்துவிடும், மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். கடைசியாக, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய மெசின்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன்னுடைய பல வகை மெசின்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஏப்ரல் 26க்கு முன் செய்தவை. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றோடு வரலாம் என்பது காரணம். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், மெசினின் அடியில் உள்ள தொடரிலக்கத்தைக் குறித்துக்கொண்டு போய் கிளினிக்கில் காட்டுங்கள். குழாயில் கறுப்புத் தூள் தெரிந்தால் காத்திருக்கவேண்டாம், அடுத்த நாளே போங்கள். நன்றி, வணக்கம்.