வரப்போகும் மக்களுக்கான பாதாளச் சாக்கடை

அவையோருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களுக்கும், உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

சென்னைக்கு 1910-ஆம் ஆண்டில் கழிவுநீர்க் கட்டமைப்பை வடிவமைத்தவர்கள், 1961-இல் நகரில் ஆறரை லட்சம் அளவில் மக்கள் இருப்பார்கள் என்று கணித்துத்தான் குழாய்களின் விட்டத்தை முடிவு செய்தார்கள். அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இடையில் நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். அந்தப் பொறியாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு அப்பால் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். ஆனால் குடிநீர்க் குழாய் போதாவிட்டால் லாரியில் தண்ணீர் கொண்டுவரலாம். கழிவுநீர்க் குழாய் போதாவிட்டால் அது நம் வீட்டு வாசலில்தான் வெளிவரும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். இரண்டு லட்சம் பேர் வாழப்போகும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்றும், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்றும் கொண்டால், நாளொன்றுக்கு 216 லட்சம் லிட்டர் வருகிறது. ஆனால் கழிவுநீர் நாள் முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே ஊரே ஒரே நேரத்தில் குளிக்கிறது, துவைக்கிறது, சமைக்கிறது. ஆகவே இந்த அளவு மக்கள்தொகைக்குச் சராசரியை 2.25 மடங்காக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் கையேடு. அப்படிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 562 லிட்டரைக் குழாய் தாங்கியாக வேண்டும். அதுவும் முழுக்க நிரம்பி அல்ல. மேலே காற்றுக்கு இடம் விட்டு, பத்தில் எட்டுப் பங்கு ஆழத்துக்குள் ஓட வேண்டும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் பெரிய குழாயையே பதித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அதே சரிவில் 300 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 400 மில்லிமீட்டர் குழாய் பதித்தால், அது சுமக்கும் நீர் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. செலவோ அந்த அளவுக்கு உயர்வதில்லை, ஏனென்றால் பணத்தின் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவதிலும், மண் சரியாமல் தாங்கு கொடுப்பதிலும், ஊற்றுநீரை இறைப்பதிலும், சாலையை மீண்டும் போடுவதிலுமே போகிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் மக்களுக்கான குழாயில் முதல் ஐந்தாண்டு நூலிழைபோல நீர் ஓடினால், மணலும் மலமும் அடியில் படியும். உச்ச ஓட்டத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்காத குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது. தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு குழாயின் மேற்புறத்தில் அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். அதனால் நாம் முதல் ஆண்டையும் முப்பதாம் ஆண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. கழிவுநீரை மேலேற்றித் தள்ளும் உந்து நிலையத்தின் மோட்டார்களைப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மண்ணுக்குள் போன குழாயை அப்படி மாற்ற முடியாது.

நான் மிகவும் கவலைப்படுவது இனிச் சொல்வதைப் பற்றித்தான். 2019-இல் வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயர்மாடிகள் அல்லாத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2.0 ஆக உயர்த்தின. வீட்டுவசதி பெருக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைத்த அன்று, தெருவுக்கு அடியிலிருந்த குழாய் ஓர் அங்குலமும் அகலவில்லை. தனிவீடு இருந்த இடத்தில் எட்டுக் குடித்தனம் வந்த பிறகும் அதே பழைய இணைப்புதான். அனுமதி தருவது ஓர் அலுவலகம், குழாயைப் பராமரிப்பது வேறோர் அலுவலகம். ஒவ்வோர் உந்து நிலையத்துக்கும் இன்னும் எவ்வளவு தாங்குதிறன் மிச்சமிருக்கிறது என்ற எண், வரைபடத்துக்கு ஒப்புதல் அளிப்பவரின் மேசையில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் நாமும் தவறு செய்கிறோம். சென்னையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் வெவ்வேறு வழிகள் இருந்தும், தெருவில் நீர் தேங்கியதும் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். எந்தக் கணக்கும் அதற்கு ஈடுகொடுக்காது.

குழாய் திணறும்போது அடைப்பு வருகிறது. அடைப்பை எடுக்க ஒரு மனிதரை உள்ளே இறக்கும் கொடுமை அங்கேதான் தொடங்குகிறது. பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கும் இளைஞர்களே, உங்கள் கணக்குத் தாளில் அந்த மனிதரின் உயிரும் இருக்கிறது.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புறநகரில் மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும்போதே, அந்தப் பகுதியின் தாழ்வான இடத்தில் உந்து நிலையத்துக்கென நிலத்தை ஒதுக்கிப் பதிவு செய்துவிடுங்கள். வீடுகள் எழுந்த பிறகு அந்த இடத்தைத் தேடிப் போனால், எஞ்சியிருப்பது ஏரிக்கரை மட்டும்தான்.