மூளையின் டோபமைனைக் காட்டும் கதிரியக்க மருந்துகள்

நேயர்களுக்கு என் வணக்கம். அணு மருத்துவத் துறையில் பணிபுரியும் என்னிடம், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் கை நடுங்கும் தாத்தாவையோ, நடை தளர்ந்த ஆயாவையோ அழைத்துவரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஸ்கேன் எடுத்தாயிற்று, மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பிறகு ஏன் இந்த நடுக்கம்?" அவர்கள் எடுத்தது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அது மூளையின் அமைப்பைக் காட்டும். நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைந்திருப்பதை அதில் பொதுவாகக் காண முடியாது.

டோபமைன் மூளையில் செய்தி கடத்தும் பொருள் என்பதை 1950களின் பிற்பகுதியில் நிறுவிய சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சனுக்கு, 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு நரம்பணு வெளியிடும் டோபமைன், அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் பற்றிக்கொள்கிறது. டி1 முதல் டி5 வரை இந்த ஏற்பிகள் ஐந்து வகைப்படும். வேலை முடிந்ததும், வெளியிட்ட நரம்பணுவே தன் கடத்திகள் வழியாக டோபமைனைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பியையோ கடத்தியையோ தேடிச்சென்று ஒட்டக்கூடிய ஒரு மூலக்கூற்றில் கதிரியக்க அணு ஒன்றைப் பொருத்தி இரத்தக்குழாயில் ஊசியாகச் செலுத்தினால், அது தங்கும் இடத்தை வெளியிலிருக்கும் கருவி படமாக்கிவிடும். செலுத்தும் மருந்தின் எடை ஒரு சில மைக்ரோகிராம் அளவே இருக்க வேண்டும். கூடினால் மருந்தே ஏற்பிகளை நிரப்பிவிடும், அளக்க வந்தது அளவையே மாற்றிவிடும்.

மனித மூளையின் டோபமைன் ஏற்பிகளை முதன்முதலில் இவ்வாறு படமெடுத்தவர்கள், 1983இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி வாக்னரும் அவருடைய குழுவினரும் ஆவர். கார்பன்-11 என்னும் கதிரியக்க அணுவைச் சேர்த்த மருந்தை முதலில் தமக்கே ஏற்றிக்கொள்ள முன்வந்தவர் வாக்னர்தான். சில ஆண்டுகளில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே, ராக்லோபிரைடு என்னும் மருந்தில் அதே கார்பனைச் சேர்த்து, மனநோய் மருந்து உட்கொள்பவர்களின் டி2 ஏற்பிகளில் எத்தனை விழுக்காட்டை அந்த மருந்து பிடித்திருக்கிறது என்று அளந்தார். இத்துறையின் ஆகப்பெரிய பயன் இதுவே என்பது என் துணிபு. ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட்டாலே பலருக்கு நோய் தணியத் தொடங்குகிறது. 80 விழுக்காட்டை நெருங்கும்போது உடல் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டுகின்றன. ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைப் பெரிய அளவுகளில் கொடுத்துவந்த காலத்தில், நோயாளிகள் மரம்போல் விறைத்து உட்கார்ந்திருந்ததற்கும், அதனால் நோய் கூடுதலாகக் குணமாகாததற்கும் காரணம் அப்போது எண்களாகத் தெரியவந்தது. நாளொன்றுக்குச் சில மில்லிகிராமே பலருக்குப் போதும் என்ற தெளிவும் அந்தப் படங்கள் வழியாகவே வலுப்பெற்றது. குளோசப்பின் என்னும் மற்றொரு மனநோய் மருந்து மட்டும் குறைவான ஏற்பிகளைப் பிடித்தும் நன்கு வேலை செய்வது, இந்தக் கணக்குக்குள் முழுமையாக அடங்காத ஒன்று.

நம் தென்னாப்பிரிக்காவில் இதற்குக் குறுக்கே நிற்பது நேரம். கார்பன்-11இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 20 நிமிடம். கேப் டவுனிலிருந்து டர்பனுக்கு விமானம் வரும் இரண்டு மணி நேரத்தில் அதில் 64இல் ஒரு பங்கே மிஞ்சும். ஆகவே அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நோயாளியும் இருந்தாக வேண்டும். ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம், அயோடின்-123இன் அரை ஆயுள் ஏறத்தாழ 13 மணி நேரம். இவற்றினும் நமக்கு ஏற்றது டெக்னீசியம்-99எம் என்று நான் கருதுகிறேன். அதன் அரை ஆயுள் 6 மணி நேரமே என்றாலும், அதைப் பிறப்பிக்கும் மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் ஏறத்தாழ 66 மணி நேரம். அந்த மாலிப்டினத்தை, பிரிட்டோரியாவுக்கு அருகே பெலிண்டாபாவில் 1965 முதல் இயங்கிவரும் சஃபாரி-1 அணு உலையின் துணைகொண்டு நம் நாடே தயாரிக்கிறது. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரில் உப்புநீரைச் செலுத்தி டெக்னீசியத்தை வடித்தெடுத்து, சீசாவில் உலர்பொடியாக இருக்கும் ட்ரோடாட்-1 மருந்தோடு கலந்து, அரை மணி நேரம் சூடேற்றினால், டோபமைன் கடத்தியைத் தேடிச்செல்லும் ஊசி மருந்து கிடைத்துவிடும். அயோடின் மருந்து தரும் படத்தின் தெளிவு இதில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கார்பன்-11, ஃப்ளோரின்-18 மருந்துகளைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் இல்லாத, டெக்னீசியம், அயோடின் மருந்துகளைப் படமெடுக்கும் சாதாரண ஸ்பெக்ட் கருவி மட்டும் உள்ள மருத்துவமனையிலும் இதைப் பயன்படுத்தலாம்.

ஊசி போட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து எடுக்கும் அந்தப் படத்தில், நலமான மூளையின் நடுவே இரண்டு காற்புள்ளிகள் எதிரெதிராக ஒளிர்வதுபோல் தெரியும். பார்க்கின்சன் நோயில் அவற்றின் வால் மங்கி, முற்றுப்புள்ளிகளாகச் சுருங்கியிருக்கும். ஒரு பக்கம் மற்றதைவிட மங்கலாக இருப்பதும் வழக்கம். பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கத்தில் படம் மாறாது. மருந்தால் வந்த நடுக்கத்திலும் மாறாது, ஏனெனில் அங்கே அடைபட்டிருப்பது ஏற்பிதான், கடத்தி கெடவில்லை. மனநோய் மருந்துகள் மட்டுமல்லாமல், வாந்திக்காகத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் டி2 ஏற்பியை அடைக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆதலால் இந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள், வீட்டில் இருக்கும் மருந்துப் பையை, எப்போதோ வாங்கிய வாந்தி மாத்திரை உட்பட, அப்படியே எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்; எதை, எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.