நீலத் தொட்டியில் விழும் பால் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

பாதி குடித்த பால் பெட்டியை மூடியைத் திருகி, மறுபயனீட்டுப் பொருள்களுக்கான நீலத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். அதே தொட்டியில் பக்கத்து வீட்டாரின் ஒரு வாரத்து நாளிதழ்கள் கிடக்கின்றன. லாரி எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தும்போது பெட்டி பிளந்து, பால் காகிதத்தில் ஊறுகிறது. காகித ஆலைக்குப் போயிருக்க வேண்டிய அந்தக் கட்டு, எரியாலைக்குப் போகிறது. சிங்கப்பூரில் வீட்டு மறுபயனீடு தடுமாறுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வசதி இல்லாமல் இல்லை. தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001-இல் தொடங்கியது. 2014 முதல் ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடியிலும் ஒரு நீலத் தொட்டி நிற்கிறது. அதற்குப் பின் வந்த புதிய புளோக்குகளில் மறுபயனீட்டுப் பொருள்களுக்கென்றே தனிக் குழாய் உண்டு. 2023-இல் வீட்டுக்குள் வைத்துச் சேர்க்க மடிப்புப் பெட்டியும் இலவசமாகத் தந்தார்கள். ஆனால் 2018-இல் 22 விழுக்காடாக இருந்த வீட்டு மறுபயனீட்டு விகிதம் 2020-இல் 13, 2024-இல் 11 என்று இறங்கிவிட்டது. 2030-க்குள் 30 விழுக்காடு என்பது இலக்கு.

இந்தச் சரிவு முழுவதையும் குடும்பங்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இந்தக் கணக்கில், வீடு வீடாகப் போய்க் காராங் கூனிக்காரர்கள் வாங்கும் பழைய பொருளும் சேரும். நாம் கட்டிக் கொடுக்கும் காகிதத்தில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டு ஆலைகளுக்குப் போகிறது. காகித விலை இறங்கி, கப்பல் கட்டணம் ஏறினால், அதைச் சேகரிப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

நம் கையில் இருப்பது வேறு. நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒரே தொட்டியில் போடும் முறை இங்கே. இடமும் மிச்சம், லாரியும் ஒன்று போதும். ஆனால் ஒருவர் வீட்டு மிச்சக் குழம்பு பத்து வீட்டுக் காகிதத்தைக் கெடுத்துவிடும்.

ஆகவே கழுவுவதுதான் முதல் வேலை. சோப்பு தேவையில்லை. அரிசி களைந்த நீரே போதும்: பால் பெட்டி, தேங்காய்ப்பால் பெட்டி, சாஸ் போத்தல் எதுவானாலும் கால் பங்கு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். கவிழ்த்து வடியவிட்டுப் பிறகு போடுங்கள். ஊறுகாய் போத்தலும் நெய் டின்னும் இப்படி மசியாது. முதலில் கரண்டியால் வழித்து, பயன்படுத்திய டிஷ்யூவால் துடைத்து, பிறகு வெந்நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். அந்த டிஷ்யூவைக் குப்பையில் போடுங்கள். அதன் நார் மிகக் குட்டையானது, மறுபடி காகிதமாகாது. பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மேல் மூடியைக் கிழித்துத் தொட்டியில் போடலாம். அடிப்பாகம் வேண்டாம். காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கும்போது எண்ணெய் பிரிந்து போகாது, புதுக் காகிதத்தில் கறையாகவே நிற்கும்.

ஏமாற்றும் பொருள்களும் உண்டு. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் பார்வைக்குக் கண்ணாடிதான், ஆனால் சாதாரண போத்தல் உருகும் சூட்டில் அது உருகாது. மெலமின் தட்டு சூட்டில் இளகாமல் கருகும். நுரைப்பெட்டி, பழைய துணி, காலணி எதற்கும் நீலத் தொட்டி இடமில்லை. பழைய கைப்பேசி, மின்கலம், பவர் பேங்க் ஆகியவற்றுக்குத் தனி மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. பவர் பேங்க்கை நீலத் தொட்டியில் போட்டால், லாரி அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக மடியுங்கள். மடிக்காத நான்கு பெட்டிகளே ஒரு தொட்டியை நிரப்பிவிடும். அடுத்து வருபவர் தம் பொருளைத் தரையில் வைப்பார், மழையில் அதுவும் வீணாகும்.

“எப்படியும் எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது?” என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. நீலத் தொட்டிக்குத் தனி லாரி. அது தரம்பிரிக்கும் ஆலைக்குப் போகிறது. அங்கே ஓடும் பட்டையில் வரும் பொருளை ஆட்கள் கையால் பிரிக்கிறார்கள். குழந்தையின் டயப்பரும் அழுகிய உணவும் அவர்கள் கைக்குத்தான் வருகின்றன.

பிரித்துத் தள்ளியவை எரியாலையில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, துவாஸிலிருந்து படகில் செமக்காவ் தீவுக்குச் சாம்பலாய்ப் போகும். சாம்பலைக் கொட்டி நிரப்பும் இடமாக 1999-இல் திறந்த அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது கணிப்பு. நமக்கு வேறு நிரப்பிடம் கிடையாது.

காலிப் பானக் கொள்கலன்களைத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோகக் கேனுக்கும் வாங்கும்போது 10 காசு வைப்புத்தொகை. காலிக் கொள்கலனைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். வைப்புத்தொகைக் குறியீடு உள்ளவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். பால் பெட்டிக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் இல்லை, அவை நீலத் தொட்டிக்கே. இத்தனை நாள் நசுக்கிப் போட்டுப் பழகிய கை, இதில் நசுக்கக் கூடாது. லேபிளையும் உரிக்காதீர்கள். இயந்திரம் பட்டைக்குறியைப் படித்தால்தான் காசு தரும்.