கை கால்களை அழுகவைத்த பூஞ்சை பிரசவ அறைக்கு வந்தது எப்படி?

(திரையில்: கோதுமை போன்ற ரை என்ற தானியத்தின் கதிர் ஒன்று, மிக அருகில்)

மணிகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாக, நீளமாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறதே, அது தானியம் இல்லை. எர்காட் என்ற பூஞ்சை. எத்தனையோ பேரைக் கொன்றது இதுதான். தாய்மாரைக் காப்பாற்றும் ஒரு ஊசியும் இதிலிருந்து வந்ததுதான்!

விஷக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சை ரை மாவோடு அரைபட்டு ரொட்டிக்குள் போகும். சாப்பிட்டவர்களுக்குக் கை கால் தீயாய் எரியும், அப்புறம் கருத்து அழுகும். எர்காட் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதுதான் காரணம்.

சரி, இப்போது கவனியுங்கள். கருப்பையையும் அது அதேபோல் சுருக்கும். மருத்துவச்சிகளுக்கு இது முன்பே தெரியும். 1808இல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பிரசவத்தைச் சீக்கிரம் முடிக்க எர்காட் பொடி கொடுக்கலாம் என்று எழுதினார். பலரும் கொடுத்தார்கள். கருப்பை விடாமல் இறுகியதில் குழந்தைகள் வயிற்றிலேயே இறந்தன. 1824இல் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக் இதைக் கண்டித்தார். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் கொடுங்கள் என்றார்.

இந்தக் கதையில் என்னை அசரவைப்பது இதுதான். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். கருப்பைத் தசை இறுகினால்தான் அவை அடைபடும். ஒரு மணி நேரம் முன்னால் குழந்தையைக் கொன்றிருக்கும் அதே இறுக்கம், இப்போது தாயைக் காக்கிறது!

லண்டனில் சாசர் மோயர் என்ற மருத்துவர், பிரசவித்த பெண்களின் கருப்பைக்குள் சிறு பலூனை வைத்து அழுத்தத்தைக் கோடாகப் பதிவுசெய்தார். எர்காட் சாறு கொடுத்த சில நிமிடங்களில் கோடு விறுவிறுவென்று ஏறியது. 1935இல் அவரும் ஹரோல்ட் டட்லி என்ற வேதியியலாளரும், கருப்பையை இறுக்கும் அந்தப் பொருளை எர்காட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் எர்கோமெட்ரின். நம் மருத்துவமனைகளில் போடும் மெத்தர்ஜின் ஊசி அதன் நெருங்கிய சொந்தம். ரத்தக் கொதிப்பு உள்ள தாய்க்கு அதைத் தவிர்ப்பார்கள். குழாயைச் சுருக்கும் பழைய குணம் போகவில்லையே!

நம் கம்புக்கு வரும் தேன் ஒழுகல் நோயும் எர்காட் வகைதான். அது கலந்த கம்பைச் சாப்பிட்டால் வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரும். விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். பூஞ்சைக் கட்டிகள் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கம்பு போடும் சொந்தக்காரர் இருந்தால் இந்த வீடியோவை இப்போதே அனுப்பிவிடுங்கள்.