பன்னிரண்டு குண்டு புத்தகங்களில் ஒரு சாமுராய்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தந்தை, மூன்று வயது மகன், மரத்தால் செய்த ஒரு தள்ளுவண்டி. 'கொசுரே ஓகாமி' என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இந்த மூன்றை வைத்தே ஒரு பேருலகத்தைக் கட்டுகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரியும் ஓநாய் என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் 'லோன் வுல்ஃப் அண்ட் கப்'. கஸுவோ கொய்கே எழுத, கோசெகி கொஜிமா வரைய, 1970 முதல் 1976 வரை வார இதழில் தொடராக வந்த கதை. மொத்தம் 142 அத்தியாயங்கள், ஏறத்தாழ 8,700 பக்கங்கள், 28 நூல்கள்.

ஆங்கிலத்தில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் முதலில் உள்ளங்கைக்குள் அடங்குகிற 28 சிறு நூல்களாக இதைக் கொண்டுவந்தது. பிறகு 2013 தொடங்கி 2016க்குள் அதையே 12 தடித்த தொகுப்புகளாக வெளியிட்டது. நம் காமிக்ஸ் வாசகர்கள் ஆசையாக 'குண்டு புக்' என்பார்களே, அந்த ரகம். ஒவ்வொன்றும் 700 பக்கத்தை ஒட்டி வரும். இந்தப் பன்னிரண்டையும் எப்படிச் சேர்ப்பது, சேர்த்ததை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 28ஐ 12ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் வராது. அதனால் முதல் தொகுப்பில் பழைய நூல்கள் ஒன்றும் இரண்டும் முழுதாக இருக்கும், மூன்றாவதில் ஒரு பகுதிதான் இருக்கும். மீதி இரண்டாம் தொகுப்புக்குப் போய்விடும். பழைய சிறு நூல்கள் ஐந்தாறு கையில் இருக்கிறது, விட்டுப்போன இடத்தைக் குண்டு புத்தகத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று பலர் இறங்குவார்கள். சில கதைகள் இரண்டு தடவை வரும், சில கதைகள் வரவே வராது. ஒரே பதிப்பு வரிசையில் நில்லுங்கள். கலந்துதான் வாங்க வேண்டும் என்றால், நூல் எண்ணை நம்பாமல் பொருளடக்கத்திலுள்ள அத்தியாயப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'நியூ லோன் வுல்ஃப் அண்ட் கப்' என்று 11 நூல்கள் உண்டு. அது கொஜிமா மறைந்த பிறகு வேறொரு ஓவியர் வரைந்த பிற்காலத் தொடர்ச்சி. பெயரை அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடக் கூடாது.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதல் நூலை வாங்கியவர்கள் எல்லாரும் ஏழாவது வரை வருவதில்லை. பதிப்பகத்துக்கும் இது தெரியும், பின்னால் வரும் எண்களைக் குறைவாகவே அச்சடிப்பார்கள். முதல் தொகுப்பு தீர்ந்துபோனாலும் மறு அச்சு வரும். ஒன்பதாவதோ பத்தாவதோ தீர்ந்தால் மாதக்கணக்கில் கிடைக்காது, பழைய புத்தகச் சந்தையில் விலை ஏறிவிடும். ஒன்றும் இரண்டும் படித்துப் பார்த்துத் தொடர் பிடித்துவிட்டால், அடுத்து மூன்றாவதைத் தேடாமல் கடைசி எண்கள் கடையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பழைய பிரதி என்றால் முதுகு, பக்க விளிம்பு, பதிப்புரிமைப் பக்கம், இந்த மூன்றின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் பத்திலிருந்து இறங்கும் ஓர் எண்வரிசை இருந்தால், அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். கீழ் விளிம்பில் கறுப்பு மையால் கோடு இழுத்திருந்தால், விற்காமல் தேங்கித் தள்ளுபடியில் போன பிரதி. படிக்க அது ஒரு குறையும் இல்லை, ஆனால் புதிதின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் நட்டநடுவில் மடக்கென்று பிரிக்காதீர்கள். இது நூல் வைத்துத் தைத்ததல்ல, முதுகில் பசை தடவி ஒட்டியது. ஒரே இடத்தில் விரித்தால் பசை அந்தக் கோட்டில் வெடிக்கும், ஆறு மாதத்தில் அங்கிருந்து தாள்கள் கழன்று வரும். முதுகை மேசையில் ஊன்றி நிறுத்துங்கள். முன்னட்டையையும் பின்னட்டையையும் இரண்டு பக்கமும் சாய்த்துப் படுக்க வையுங்கள். பிறகு முன்னாலிருந்து ஒரு முப்பது பக்கம், பின்னாலிருந்து ஒரு முப்பது பக்கம் என்று மாற்றி மாற்றித் தாழ்த்தி, உள்ளோரத்தை விரலால் மெல்ல நீவிவிடுங்கள். நடு வரும்வரை இப்படிச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இருபக்க ஓவியங்களின் நடுப்பகுதி எப்படியும் உள்ளோரத்தில் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். அதைப் பார்க்கப் புத்தகத்தை அழுத்த வேண்டாம். தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்தாலே தெரியும்.

இனிப் படிப்பது. 142 அத்தியாயங்களுக்கு 8,700 பக்கங்கள் என்றால் ஓர் அத்தியாயத்துக்குச் சராசரி அறுபது பக்கம். ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வாசகர் காத்திருப்பார் என்பதை வைத்துக் கட்டிய அறுபது பக்கம் அது. 700 பக்கம் மொத்தமாகக் கையில் இருக்கிறதே என்று ஒரே இரவில் விழுங்கினால், கூலிக்குக் கொலை செய்யும் அந்தத் தந்தை வருகிறான், கூலி வாங்குகிறான், வெட்டுகிறான், போகிறான் என்று எல்லாக் கதையும் ஒன்றுபோலத் தெரியும். நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று படியுங்கள். வசனமே இல்லாத பக்கங்கள் தொடர்ந்து வரும். புல் சாயும், மழை இறங்கும், வண்டிச் சக்கரம் உருளும். வாசிக்க எழுத்து இல்லை என்று அங்கே விரைந்து புரட்டிவிடக் கூடாது. கொஜிமாவின் தூரிகை முழுமூச்சாக வேலை செய்யும் இடங்கள் அவைதான்.

மொழிபெயர்ப்பில் பல ஜப்பானியச் சொற்களை அப்படியே விட்டு, பின்னால் சொற்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தாள் கீற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். நாயகன் ஓகாமி இத்தோவின் கூலி 500 ரியோ. ரியோ என்பது தங்க நாணயம். ஒரு ரியோவுக்கு ஏறத்தாழ ஒரு கொகு அரிசி என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். கொகு என்பது ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு, சுமார் 180 லிட்டர். அப்படியென்றால் ஒரு கொலைக்கான கூலி ஐந்நூறு பேரின் ஒரு வருடச் சோறு. ஓர் ஏழைக் கிராமம் அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது, அதன் கனம் இந்தக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் உறைக்கும்.

இந்தப் பதிப்பு இடமிருந்து வலமாகப் படிப்பது. அதற்காக ஓவியங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிவிட்டார்கள். இடது இடுப்பில் இருக்க வேண்டிய வாள் வலது இடுப்பில் இருக்கும், எல்லாரும் இடதுகைக்காரர்களாகத் தெரிவார்கள். அதைவிட நுட்பமான ஒன்று கிமோனோவில் இருக்கிறது. இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி அதை உடுத்துவதுதான் வழக்கம். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய படங்களில் உயிரோடு நடமாடும் அத்தனை பேரும் இறந்தவர்களைப்போல உடுத்தியிருக்கிறார்கள். கொஜிமா இதில் தவறு செய்யவில்லை. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள், அவர் வரைந்தபடி தெரியும்.

இதே தடிமனில் வேறு சாமுராய்த் தொடர்களும் உண்டு. டகேஹிகோ இனோவேயின் 'வாகபாண்ட்', மூன்று நூல்களுக்கு ஒன்றாக 12 பெரிய தொகுப்புகளில் 36 வரை வருகிறது. 37ஐத் தனியாக வாங்க வேண்டும். அது ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடம். 2015இல் நின்ற கதை முடிவை எட்டவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஹிரோஆகி சமுராவின் 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்' ஆங்கிலப் பதிப்பில் பக்கத்தை முழுதாகத் திருப்பாமல், கட்டங்களை வெட்டி இடம் மாற்றி அடுக்கினார்கள். வாள் சரியான கையில் இருக்கும்.

பன்னிரண்டுக்கும் அலமாரியில் அரை மீட்டர் இடம் விடுங்கள். நிமிர்த்தி வையுங்கள். சாய்ந்து நின்றால் முதுகு கோணிப்போகும், இறுக்கித் திணித்தால் எடுக்கும்போது முதுகின் மேல்முனை கிழியும். தாள் வெயிலில் பழுப்பேறும். கடலோர ஊர்களில் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், சுவரின் ஈரம் அட்டைக்கு வராது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் மழைக்காலத்தில் மூடினால் உள்ளே அகப்பட்ட ஈரம் பூஞ்சையாகும். மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டுவதே ராமபாணப் பூச்சிக்கு நல்ல மருந்து.

முதல் தொகுப்பில் ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வந்ததும் நிதானமாகுங்கள். பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட தந்தை, தவழும் குழந்தையின் முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் இறந்துபோன தாயிடம் அனுப்பிவிடுவான், வாளைத் தொட்டால் தன்னோடு கூட்டிப்போவான். குழந்தைக்கு அது புரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். டைகோரோவின் கை எங்கே போகிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். அதன் பிறகு முதல் எட்டுக் கதைகளை மறுபடி படியுங்கள், அந்தச் சிறுவனின் கண்கள் வேறாகத் தெரியும்.

நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று சொன்னேன் அல்லவா, பன்னிரண்டாம் தொகுப்புக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே தனிக்கதைகள் நின்றுபோய், நாயகனின் பரம எதிரி யாக்யு ரெட்சுடோவுடனான கடைசி மோதல் அத்தியாயம் தாண்டி அத்தியாயமாக ஒரே ஓட்டமாகப் போகிறது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை முழுதாக ஒதுக்கி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.