எங்க அப்பத்தா கல்யாணத்தில் பாடியது யார்?

(காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்தப் பக்கத்தில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "எங்க அப்பத்தா கல்யாணத்துல அரியக்குடி பாடினாரு." நானும் கேட்டுக்கொள்வேன். காப்பி நன்றாக இருந்தால் தலையும் ஆட்டுவேன். ஆனால் இப்படிக் கேள்விப்பட்ட கல்யாணங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குச் சபாக்களில் பாட நேரமே இருந்திருக்காது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கச்சேரி நடந்திருக்கும். பாடியவர் பெயர்தான் மூன்று தலைமுறையில் பெரிய பெயராகிவிட்டது.

விழா மலரில் நம் பக்கத்து இசைக் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்க்கப் போகிறீர்கள். அதற்காகத்தான் இந்தப் பேச்சு. ஒரு செய்தியை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் எழுதியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பத்து மலர்களில் ஒரே வரி, ஒரே அச்சுப்பிழையோடு இருந்தால், அது ஒரே ஒரு சாட்சிதான்.

முதலில் ஊர்ப் பெயர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அரியக்குடியிலேயே பிறந்தவர், 1890 மே 19 அன்று. தென்திருப்பதி என்று நாம் சொல்கிற அந்தப் பெருமாள் கோயில் ஊர்தான். காரைக்குடி சகோதரர்கள் கதை வேறு. வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்த சுப்பராம ஐயரும் தம்பி சாம்பசிவ ஐயரும் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக் குடும்பம். பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள். பெயருக்கு முன்னால் ஊர் இருக்கிறது என்பதற்காகப் 'பிறந்த ஊர்' என்று போட்டுவிட்டால் ஒருவருக்குச் சரியாக வரும், இன்னொருவருக்குத் தப்பாகப் போகும்.

அடுத்தது பட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டியலில் அரியக்குடிக்கு நேரே 1938 என்று இருக்கும், சாம்பசிவ ஐயருக்கு நேரே 1952 என்று இருக்கும். உடனே '1938-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அப்படி ஒரு பட்டத்தை அகாடமி ஏற்படுத்தியதே 1942-இல்தான். அதுவரை மூத்த வித்வான் ஒருவர் வருடாந்தர மாநாட்டுக்குத் தலைமை வகிப்பார், அவ்வளவுதான். பட்டம் வந்த பிறகு, முன்பு தலைமை வகித்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக 1938 என்பது ஐயங்கார் தலைமை வகித்த ஆண்டு. சாம்பசிவ ஐயருடைய 1952 பட்டத்துக்கே உரிய ஆண்டு. ஒரே பட்டியலில் இரண்டு வரி, இரண்டுக்கும் பொருள் வேறு. பட்டியலைக் குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்து எழுதுகிறவர் இரண்டு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும்.

வானொலிச் செய்திகளையும் இப்படிச் சோதிக்கலாம். திருச்சி நிலையம் தொடங்கியது 1939 மே 16. '1937-இல் திருச்சி வானொலியில் வாசித்தார்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், ஆண்டு தப்பு, இல்லையென்றால் ஊர் தப்பு. சென்னையில் மாநகராட்சி 1930-லேயே ஒலிபரப்பு நடத்தியது, அதுவாக இருக்கலாம்.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பையனைச் சேர்க்கப் போன மாமா வாய்க்கு வந்த தேதியைச் சொல்லியிருப்பார். பிறந்த கையோடு எழுதிய ஜாதகக் குறிப்பு அதைவிட நல்ல சாட்சி. ஆனால் அதிலிருக்கிற தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டாக மாற்றும்போதுதான் சறுக்குகிறோம். விக்ருதி வருஷம் என்றால் 1890 என்று வாய்பாடு மாதிரி சொல்லிவிடுகிறோம். விக்ருதி 1890 சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனியில் முடிகிறது. விக்ருதி தை மாதம் பிறந்த குழந்தைக்கு ஆங்கில ஆண்டு 1891. அப்புறம், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1950-இலும் விக்ருதிதான். அப்பாவின் ஜாதகத்தையும் பேரனின் ஜாதகத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிற வீடுகள் ஜாக்கிரதை!

சரி, அப்பத்தா கல்யாணத்துக்கு வருவோம். அதைச் சரிபார்க்க நம்மிடம் இருக்கிற சாட்சி வேறு ஊர்க்காரர்களுக்கு லேசில் கிடைக்காது. நம் வீட்டுக் கணக்கு நோட்டுகளைத்தான் சொல்கிறேன். பெருமைக்கு எழுதியவை அல்ல அவை, காசு போன வழியைக் காட்ட எழுதியவை. அதனால்தான் நம்பலாம். பழைய கல்யாணக் கணக்கு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பந்தல், சமையல், மேளம், வண்டிச் சத்தம் என்று வரி வரியாகப் போகும். நடுவில் 'பாட்டுக் கச்சேரி' என்று ஒரு வரி. பல சமயம் பெயர் இருக்காது, தொகைதான் இருக்கும். ஆனால் அடுத்த வரியிலேயே பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்த தொகையோ, இன்ன ஊரிலிருந்து வந்த ரயில் சார்ஜோ இருக்கலாம். ஆள் யார் என்று அங்கிருந்து பிடிக்கலாம். தமிழ் எண்களில் எழுதியிருந்தால் கவனம் தேவை. எ போல இருப்பது 7, அ போல இருப்பது 8. 'ரு' போல இருப்பது 5, அதை ரூபாய் என்று படித்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

கணக்கு இல்லாத வீட்டில் கல்யாணப் பத்திரிகை இருக்கலாம். ஆனால் பத்திரிகை கச்சேரிக்கு முன்னால் அச்சானது. இன்னார் பாடுவார் என்று அது சொல்லும், பாடினார் என்று சொல்லாது. பழைய இசைத்தட்டும் அப்படித்தான், அந்தக் காலத்து லேபிளில் பெரும்பாலும் ஆண்டு போட மாட்டார்கள். தட்டில் பொறித்த எண்ணையும் கம்பெனிப் பட்டியலையும் வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டும்.

அச்சில் வந்ததைத் தேட நமக்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்தவைதான், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகின. அங்கே போவதற்கு முன் நம் வீட்டுப் பரணைப் பார்த்துவிடலாம். இங்கிருந்து வந்த 'ஊழியன்', 'குமரன்' பழைய இதழ்கள், கல்யாணக் கணக்குகள், கச்சேரி நோட்டீஸ்கள், எது இருந்தாலும் மலர்க் குழுவிடம் காட்டுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தேதி இருக்கிற பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.